முன்பே அறிந்த இறைவன் ஏன் தடுக்கவில்லை?

கேள்வி: எங்கள் தோட்டத்திலிருந்து என் தாத்தாவைப் போர்க்காலத்தில் சயாம் (இன்றைய தாய்லாந்து) – பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை, சாவுச் செய்தியும் வராததால் பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. ‘அவர் செய்த வினை’ என்றே உறவினர்கள் சொல்கிறார்கள். எல்லாம் முன்பே தெரிந்த இறைவன் இதைத் தடுக்காதது ஏன்? வினை என்ற விடை போதுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முன்பே அறிவது ஒன்று; அறிந்தும் தடுக்காதிருப்பது வேறொன்று, அம்மா. முதலாவதற்கு, ஆறாம் நூற்றாண்டில் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த ரோமானிய அறிஞர் போயத்தியஸ் நல்ல விடை தந்தார். ஒருவர் நடந்துபோவதை நாம் பார்ப்பதால் அவர் நடப்பதில்லை. அதுபோல, முக்காலத்தையும் ஒருசேரக் காணும் இறைவனின் அறிவு எவரையும் எதையும் செய்ய வைப்பதில்லை என்றார். ஆகவே, தாத்தாவைக் கொண்டுபோன குற்றம் கொண்டுபோனவர்களுடையதே.

இரண்டாவதுதான் கடினம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதையில், இங்கே மலாயாவில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். தடுக்கும் வல்லமை உள்ளவன் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பது தெய்வ நிந்தனை ஆகாது.

உயிரின் அறிவை மறைக்கும் இருளாகிய ஆணவ மலம் இறைவன் படைத்ததன்று, உயிரை அநாதியாகவே பற்றியிருப்பது என்கிறது சைவ சித்தாந்தம். தீமையின் வேர் அவனிடத்தில் இல்லை என்பது அதன் பொருள். ஆழமான விடைதான். ஆனால் வினை அறிவற்ற சடம், அது தானாக உயிரைச் சேராது, உயிர் பக்குவப்படும் பொருட்டு இறைவனே அதைச் சேர்ப்பிக்கிறான் என்றும் அதே சித்தாந்தம் கூறுவதால், தாலியோடு காத்திருந்த பாட்டிக்கு இன்னும் என்ன பக்குவம் வேண்டியிருந்தது என்ற கேள்வி மீண்டும் எழுகிறது. அதற்கு நிறைவான விடையை எந்தச் சமயத்திலும் நான் கண்டதில்லை.

வினைக் கொள்கை ஒருவர் தம் வாழ்வைத் தாமே ஆராய்ந்துகொள்வதற்கு உரியது. மாண்டவர்மீது மற்றவர் எழுதும் தீர்ப்பாக அது மாறும்போது கொடுமையாகிவிடுகிறது. ஊழுக்கென்றே ஓர் அதிகாரம் பாடிய வள்ளுவர், இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று 1062ஆம் குறளில் சபிக்கிறார். இரப்பவனின் முற்பிறவியை அவர் தோண்டவில்லை. உறவினர்கள் அடுத்தமுறை வினையைப் பற்றிப் பேசும்போது, இந்தக் குறளை அவர்களிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.