கொரோனா வார்டை மூடிவிட்டார்கள், எனக்கு மட்டும் தூக்கம் திரும்பவில்லை

கேள்வி: நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். வயது 36. கொரோனா காலத்தில் இரண்டு வருடம் கோவிட் ஐ.சி.யூ.வில்தான் டியூட்டி. அப்போதெல்லாம் நன்றாகத்தான் இருந்தேன். எல்லோரும் தைரியசாலி என்றார்கள். வார்டை மூடிய பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாவிட்டால் வரும் பீப் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. அந்த நாட்களில் ஒரு நோயாளியின் மகளுக்கு வீடியோ கால் போட்டு, போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடிக்கவே, பாதியில் கட் செய்துவிட்டு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார். அந்த மகளின் குரல் இன்னும் கேட்கிறது. ஆனால் போன வருடம் என் மாமனார் இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நான் கல்லாகிவிட்டேனா? இந்த வேலைக்கே லாயக்கில்லாமல் போய்விட்டேனா? மனநல மருத்துவரிடம் போனால் வேலைக்கு ஆபத்து வருமா? தூக்க மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டால் போதாதா? சில நாள், காலையில் கண் விழிக்காமலே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

பதில்: சிஸ்டர், உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிக் கடந்துபோக முடியாது. ‘கண் விழிக்காமல் இருந்தால் தேவலை’ என்பது அசதியின் உச்சத்தில் ஓய்வுக்கு ஏங்கும் நினைப்பாக இருக்கலாம். ஆனால் உயிரை முடித்துக்கொள்வது பற்றியோ, அதற்கான வழி பற்றியோ ஒரு தடவையாவது யோசித்திருந்தால், இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் பகுதியின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். அப்படி யோசிக்கவில்லை என்றாலும், இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கல்லாகவில்லை. கல்லுக்கு ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டுப் படபடக்காது.

இரண்டு வருடமாக அந்த ‘பீப்’ என்றால் உங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: யாருக்கோ ஆக்சிஜன் இறங்குகிறது, ஓடு. அதை மூளை நன்றாகக் கற்றுக்கொண்டது. அதனால்தான் பலரைக் காப்பாற்ற முடிந்தது. வார்டை மூடியது உங்களுக்குத் தெரியும். மூளையின் ஆழத்தில் இருக்கும் எச்சரிக்கைப் பகுதிக்கு அதை யாரும் சொல்லவில்லை. அது இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறது. அழுகை வராததும் இதன் இன்னொரு பக்கம். ஷிஃப்டில் அழுதால் வேலை ஓடாது என்று உணர்ச்சியை அடக்கி அடக்கிப் பழகியவருக்கு, அழலாம் என்கிற இடத்திலும் அது திறப்பதில்லை. அப்போது நன்றாக இருந்துவிட்டு, இப்போது ஏன் இப்படி என்று குழம்ப வேண்டாம். ஓடும்போது காலில் குத்திய முள் உட்கார்ந்த பிறகுதானே வலிக்கும்?

பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது, சின்னச் சத்தத்துக்கும் அதிர்வது, உணர்ச்சி மரத்துப்போவது, நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறா என்று பார்க்க வேண்டும். கூடவே மனச்சோர்வு நோயும் இருக்கலாம். கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. நேரில் பேசித்தான் கண்டறிய முடியும். ஆனால் உங்கள் அறிகுறிகள் அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன.

நீங்கள் தனி ஆளும் இல்லை. 2020 தொடக்கத்தில் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், மூன்றில் ஒருவருக்குத் தூக்கமின்மையும் இருந்தன. செவிலியர்கள், பெண்கள், நோயாளிகளை நேரடியாகக் கவனித்தவர்கள் ஆகியோருக்குப் பாதிப்பு அதிகம். அதற்கு முன்பு 2003-இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று வந்தவர்களைக் கவனித்த, கனடாவின் டொராண்டோ மருத்துவமனை ஊழியர்களுக்கு, ஓராண்டு இரண்டாண்டு கழித்தும் மனச்சுமை குறையாமல் இருந்தது. கொரோனாவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் சுமார் 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதாவது, அன்றைக்கு நம் பயம் வீண் பயம் இல்லை.

அடுத்து அந்த வீடியோ கால். உங்கள் கடிதத்தில் அதிகம் கனக்கும் இடம் இதுதான்.

இப்படிப்பட்ட வேதனை பயத்தால் வருவது இல்லை. எது சரி என்று மனசாட்சிக்குத் தெரிந்தும் அதைச் செய்ய முடியாத நிலைமையில் மாட்டிக்கொள்ளும்போது ஏற்படும் காயம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே 1990-களில் ‘மாரல் இன்ஜுரி’ (moral injury) என்று இதைப் பற்றி எழுதினார். பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைகளுக்கும் அதே சொல் வந்து சேர்ந்தது. நான் தமிழில் இதை ‘மனசாட்சிக் காயம்’ என்று சொல்வேன். இது உள்ளவர்கள் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். ஏனென்றால், பேசினால் கேட்பவர் ‘ஆமாம், நீதான் தப்பு செய்தாய்’ என்று சொல்லிவிடுவாரோ என்கிற அச்சம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதுதான் சரியான கணக்கு. அன்று இரவு உங்கள் பொறுப்பில் எத்தனை படுக்கைகள் இருந்தன? அலாரம் அடித்த படுக்கைக்குப் போகாமல் போனைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தால், இன்று வேறொரு மகளின் குரல் உங்கள் காதில் கேட்டுக்கொண்டிருக்காதா? இரண்டு இடத்தில் தேவைப்பட்ட ஒருவர் நீங்கள். ஆள் போதாமல் போனது உங்கள் குற்றம் இல்லை. அந்த மனிதர் தனியாகத்தான் போனார் என்று நினைத்து நினைத்து வருந்துகிறீர்கள். கடைசியாக அவர் பார்த்தது தன் மகளின் முகத்தை. அதை அவர் கண்முன் கொண்டுவந்தது உங்கள் கை.

நானும் அந்த வார்டுகளில் வேலை பார்த்தவன். கவச உடைக்குள் யார் யாரென்று தெரியாமல், நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில், ஷூ கயிற்றை அவிழ்க்கக் கை வராமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்த ஒரு சிஸ்டர் எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மூக்குத்தண்டில் முகக்கவசம் அழுத்திய சிவப்புத் தடம் இருந்தது. மறுநாள் இருவரும் வேலைக்கு வந்தோம், அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அந்த நாட்களில் நம்மைத் தெய்வம் என்றார்கள், கை தட்டினார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் தெய்வத்துக்கு லீவு கிடையாது, தெய்வம் பயமாக இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. அந்தப் பட்டம் நம்மில் பலருடைய வாயைக் கட்டிவிட்டது.

சிகிச்சைக்கு வருவோம். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் பேசிப் பழகி மாற்றும் முறை), கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். ஆகிய இரண்டுக்கும் நல்ல பலன் உண்டு. பலருக்கு 8 முதல் 12 அமர்வுகளில் முன்னேற்றம் தெரியும். ஒரே நாள் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைப் பேசச் சொல்லும் கூட்டங்கள் இந்தக் கோளாறைத் தடுப்பதில்லை. அப்படி ஒன்றில் கலந்துகொண்டும் பயனில்லையே என்று சோர்ந்திருந்தால், சிகிச்சையே பலிக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேவைப்பட்டால் மருத்துவர் செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு எதிர்ப்பு மாத்திரை தருவார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பழக்க அடிமை ஆக்காது, ஆனால் தன்னிச்சையாக நிறுத்தவும் கூடாது.

தூக்க மாத்திரை மட்டும் போதாதா என்றால், போதாது. அதிலும் டயாசிபாம், அல்பிரசோலம் வகைகள் இந்தக் கோளாறைக் குணப்படுத்துவதில்லை, விடாத பழக்கமாகிவிடும். வார்டு அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். தினமும் போட்டுக்கொண்டிருந்தால் மட்டும் திடீரென நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். இரண்டு மணிக்கு விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் இருக்கும்.

ஃபிரிட்ஜ் பீப் அடித்தால் சமையலறையை விட்டு ஓடாதீர்கள். நின்று, பாதம் தரையில் பதிவதை உணர்ந்து, மூச்சை மெதுவாக நீளமாக வெளியே விடுங்கள். அப்புறம் நீங்களே கதவை மூடுங்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதை உடம்பு இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக, கற்றுக்கொள்ளும்.

தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். உங்களுக்குக் கொரோனா வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிந்தைய அசதியும் தூக்கக் கோளாறும் சிலருக்கு நீண்ட நாள் இருக்கும்.

வேலைக்கு ஆபத்து வருமா என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகெங்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுப்பதில் இந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் 2022 மார்ச்சில் மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காகவே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. நீங்கள் சொல்வதை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டுமே விதிவிலக்கு. தயக்கமாக இருந்தால் நீங்கள் வேலை செய்யாத வேறொரு மருத்துவமனைக்குப் போங்கள்.

ராஜினாமா பற்றி இப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். தூக்கமில்லாத மூளை எடுக்கும் முடிவு அது. மூன்று மாதம் வேறு வார்டு கேட்டுப் பாருங்கள், நைட் டியூட்டியைக் குறைக்கச் சொல்லுங்கள். ஐ.சி.யூ.வுக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதைத் தூக்கம் வந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் மருத்துவரிடம் என்ன சொல்வது என்று தடுமாறினால், எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடுங்கள். வீடியோ கால் பற்றிய வரிகளையும் கடைசி வரியையும் அடிக்கோடிட்டு எடுத்துப் போங்கள்.