“தம்பியிடம் அதை நேராகவே கேட்கலாமா, டாக்டர்?”

கேள்வி: என் தம்பிக்கு வயது 27. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறான். மூன்று மாதமாகத் தூக்கமே சரியில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுகிறான். சாப்பாடு குறைந்துவிட்டது, யாரிடமும் பேச்சு இல்லை. போன வாரம், “நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் ஒரு பாரம் குறையும்க்கா” என்றான். மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்றால், “பொண்ணு பார்க்கிற நேரத்துல பைத்தியக்காரப் பட்டம் வேற கட்டணுமா?” என்று அப்பா சத்தம் போடுகிறார். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நானே கேட்டு, இல்லாததைக் கிளப்பிவிடுவேனோ என்றும் பயம். மாத்திரை ஆரம்பித்தால் விட முடியாது என்கிறார்களே, உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.

கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஏற்கெனவே உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பவருக்கு, ஒருத்தராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். எல்லோரும் சாப்பிட உட்காரும்போது வேண்டாம். மூன்று மணிக்குத் திண்ணையில் இருக்கிறார் என்கிறீர்களே, எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். “அன்னிக்கு அப்படிச் சொன்னியே, செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?” என்று நேராகவே கேளுங்கள். “தப்பா ஏதும் யோசிக்கலையே?” என்று சுற்றி வளைத்தால், “சேச்சே, அதெல்லாம் இல்லக்கா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆமாம் என்று சொன்னால் பதறாதீர்கள். “அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?” என்று மட்டும் கேட்காதீர்கள், அதை அவர் தனக்குள் நூறு முறை கேட்டிருப்பார், பாரம் என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். வைத்திருந்தால் அது நெஞ்சுவலி மாதிரி அவசரம். தனியாக விடாமல் அப்போதே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

எப்படியிருந்தாலும், வயலுக்கு அடிக்கும் மருந்து, மிச்சம் கிடக்கும் மாத்திரைகள் எதுவும் வீட்டில் வேண்டாம். இந்த வேகம் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்கும். ஏறியிருக்கும் நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். இலங்கையில் 1990களில் தொடங்கி, கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

நேரில் பார்க்காமல் நோயை முடிவுசெய்யக் கூடாதுதான். ஆனாலும் விடியுமுன் விழிப்பு, பசியின்மை, பேச்சு அற்றுப்போவது, தான் ஒரு சுமை என்ற நினைப்பு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வை நினைக்க வேண்டும். இவருக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படிச் சுருண்டுபோகலாம் என்பதால், ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள்.

அப்பா மேல் கோபப்படாதீர்கள். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற நாட்டில் அவர் வேறெப்படிப் பேசுவார்? என் ஓ.பி.க்கு ஒருவர் இரண்டு வருடமாக வருகிறார். பேர் கூப்பிடும் வரை ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். மாத்திரையை அட்டையிலிருந்து உரித்து, கேஸ் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். மனைவிக்கு இன்னும் தெரியாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற யாரும் இந்தப் பாடு படுவதில்லை. முயற்சி செய்து பிழைத்தவர்களைக் கொண்டுவரும்போதும், “தெரியாம சாப்பிட்டுட்டான் சார்” என்றுதான் வீட்டார் சொல்வார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பழைய பயம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கவும் அதே சட்டம் சொல்கிறது. மருத்துவமனையிலிருந்து யாரும் பெண் வீட்டுக்குப் போன் போடப் போவதில்லை.

அந்தப் பெண் பார்க்கிற வேலையை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லாத உறவுக்காரர் கிடையாது. நான் பார்த்த வரை, ஒருவர் தூங்காத வீட்டில் இரண்டு பேர் தூங்காமல் போனதுதான் மிச்சம்.

சரி, மாத்திரை. மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் சாராயம் மாதிரி அடிமைப்படுத்துபவை அல்ல. தூக்க மாத்திரை வேறு, இது வேறு. முதல் வாரம் வயிற்றைப் புரட்டலாம், படபடப்பு கூடலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்பதால், பத்தாவது நாளில் “இது வேலைக்காகாது” என்று தூக்கிப் போடுபவர்கள் அதிகம். அந்த முதல் சில வாரங்கள் தம்பி பக்கத்திலேயே இருங்கள். நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும்; அப்புறம் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். விட முடியாது என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியதுதான். லேசான மனச்சோர்வு என்றால் மாத்திரையே இல்லாமல், உளவியல் ஆலோசனை மட்டும் போதுமானதாகக்கூட இருக்கலாம்.

ராத்திரியில் உங்களுக்கோ அவருக்கோ யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலிமானஸ் என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

கேட்டதில் அவசரம் எதுவும் தெரியவில்லை என்றாலும் இந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காசு கேட்க மாட்டார்கள். அப்பாவிடம், “தூக்கம் வரலைன்னு காட்டிட்டு வர்றோம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறார், எப்போது எழுகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். வாசலில் பலகையைப் பார்த்துத் தம்பி தயங்கினால், நீங்கள் முதலில் உள்ளே போய் அவருக்கும் சேர்த்து இடம் பிடித்து உட்காருங்கள்.