54 ஓட்டு விழுந்தும் தோத்த மசோதா

கேள்வி: ஸ்கூல் பசங்களையே சுட்டுக் கொல்றாங்க, அப்பவும் அமெரிக்காவுல துப்பாக்கிச் சட்டத்த ஏன் இறுக்க மாட்டேங்குறாங்க? அங்க இருக்குற மக்களுக்கே அது வேணாமா? (கரூர் வாசகி)

பதில்: வேணும்ங்க, அதான் கொடுமை. 2012 டிசம்பர்ல கனெக்டிகட்ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 குழந்தைங்க, 6 பெரியவங்கள ஒருத்தன் சுட்டுக் கொன்னான். அந்தக் குழந்தைங்க எல்லாம் ஆறு ஏழு வயசுப் பிள்ளைங்க. நாலு மாசம் கழிச்சு அவங்க நாடாளுமன்றத்தோட மேல்சபையான செனட்ல ஒரு மசோதா வந்துச்சு, யார் துப்பாக்கியையும் புடுங்குறதுக்கில்ல, துப்பாக்கிக் கண்காட்சியிலயும் ஆன்லைன்லயும் வாங்குறவனோட குற்றப் பின்னணிய பார்த்துட்டு வித்துத் தொலைங்கன்னுதான் சொல்லுச்சு. கொண்டு வந்த மான்ச்சின் டெமாக்ரட் கட்சி, டூமி ரிபப்ளிகன் கட்சி, ரெண்டு பேருமே துப்பாக்கி சங்கமான என்.ஆர்.ஏ.கிட்ட நல்ல மார்க் வாங்குன ஆளுங்க. ஆதரவு 54, எதிர்ப்பு 46. தோத்துப்போச்சு! விவாதத்த முடிச்சு ஓட்டுக்கு விட அங்க 60 பேர் வேணும். அதுலயும் பாருங்க, நாலு கோடி பேர் இருக்குற கலிபோர்னியாவுக்கும் ரெண்டு சீட், ஆறு லட்சம்கூட இல்லாத, துப்பாக்கிய விரும்புற வயோமிங்குக்கும் ரெண்டு சீட். அப்புறம் எங்க போய் 60 தேத்துறது?

கேள்வி: கடையில செக் பண்ணாமயா குடுக்குறாங்க? (மதுரை வாசகர்)

பதில்: லைசென்ஸ் உள்ள கடைன்னா பண்றாங்க. ஃபார்ம் நிரப்பணும், கடைக்காரர் எஃப்.பி.ஐ.கிட்ட கேப்பார், பெரும்பாலும் சில நிமிஷத்துல பதில் வந்துரும். ஆனா மூணு வேலை நாள்ல பதில் வரலன்னா கடைக்காரர் வித்துக்கலாம்னு மத்திய சட்டமே சொல்லுது. 2015ல சார்ல்ஸ்டன் சர்ச்சுல 9 பேர கொன்னவன் கைக்கு துப்பாக்கி போனது இந்த ஓட்டை வழியாத்தான். தனி ஆள் தனி ஆளுக்கு வித்தா மத்திய சட்டப்படி அந்த செக்கும் கிடையாது, சில மாநிலங்கள் மட்டும் தனியா சட்டம் போட்டு வச்சிருக்கு.

கேள்வி: அப்ப ஒண்ணுமே மாறலையா? (அதே வாசகர்)

பதில்: கொஞ்சம் மாறுச்சு. 2022 மே மாசம் டெக்சாஸ் யுவால்டியில 19 பிள்ளைங்களும் 2 டீச்சரும் செத்த பிறகு ஒரு சட்டம் வந்துச்சு, 21 வயசுக்குக் கீழ உள்ளவங்க வாங்குனா கூடுதல் சோதனை. ஜூன் 23ஆம் தேதி செனட் அத 65க்கு 33னு பாஸ் பண்ணுச்சு. அதே நாள்தான் சுப்ரீம் கோர்ட், வெளிய துப்பாக்கி வச்சுக்கிட்டு நடக்கணும்னா தனிக் காரணம் காட்டணும்ங்குற நியூயார்க்கோட நூறு வருஷத்துக்கு மேல பழசான சட்டத்த ரத்து பண்ணிருச்சு.