புதுசா கேமரா வாங்கினவங்க பறவை போட்டோ எடுத்துப் பழக எங்க போகலாம்?

பறக்குற பறவைய எடுத்தா எல்லாமே கலங்கி வருது, எங்க போய்ப் பழகலாம்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா கூடு கட்டுற இடத்துக்குத்தான் போகச் சொல்வேன், அதுவும் தெற்கே இருக்கீங்கன்னா நாங்குநேரி பக்கம் இருக்கிற கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்.

ஏன்னா குளத்துல சும்மா மேயுற பறவை எப்ப கிளம்பும், எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது. குஞ்சு வச்சிருக்கிற பறவை அப்படி இல்ல, இரைக்குப் போனா திரும்ப அதே மரத்துக்குத்தான் வந்தாகணும், ஒண்ணை விட்டாலும் அடுத்தது வந்துக்கிட்டே இருக்கும். கூந்தன்குளத்துல சங்குவளை நாரை (பெயிண்டட் ஸ்டார்க்) ஊருக்குள்ளயே, வீட்டை ஒட்டின மரத்துலகூட கூடு கட்டும், அதனால 300 எம்எம் லென்ஸே போதும். வேடந்தாங்கல்ல மரமெல்லாம் ஏரிக்குள்ள, கரையில நின்னு எடுக்க அது பத்தாது.

போனதும் காத்து எங்க இருந்து அடிக்குதுன்னு பாருங்க. பெரிய பறவைங்க எதிர்காத்துலதான் இறங்கும், காத்தும் வெயிலும் நம்ம முதுகுல படுற மாதிரி நின்னா பறவை நம்மளப் பாத்து வரும். காலைத் தொங்கப் போட்டு இறங்குறப்ப வேகம் குறையும் பாருங்க, பழக ஆரம்பிக்க அதுதான் லேசு. ஷட்டர் வேகம் 1/2000 செகண்ட், போகஸ் கன்டினியூவஸ், அதாவது பறவை நகர நகர கேமராவும் விடாம போகஸ் பண்ணிக்கிட்டே வர்ற மோடு. வெளிச்சத்த கேமராவே ஆட்டோவா முடிவு பண்ண விட்டா, இலைக்கு முன்னாடி வெள்ளை இறகு வெளுத்துப் போகும், அதே பறவை வானத்துக்கு எதிர்ல கருத்துப் போகும், அதனால வெளிச்சம் மாறாதப்ப நீங்களே செட் பண்ற மேனுவல் மோடுல வச்சிடுங்க, தொல்லை விட்டுது.

இத மட்டும் தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க. உச்சி வெயில்ல நாரை ரெக்கைய விரிச்சுக்கிட்டு அப்படியே கூட்டு மேல நிக்கும், சூப்பர் போஸ்னு கிட்ட போயிடாதீங்க, அது குஞ்சுக்கு நிழல் குடுத்துட்டு நிக்குது. சில சமயம் தொண்டையில கொண்டுவந்த தண்ணிய குஞ்சு மேல கக்குறதையும் பார்க்கலாம். அப்ப அது பயந்து எழும்பிட்டா குஞ்சு வெயில்ல வாடும், காக்கா வேற பக்கத்துலயே காத்திருக்கும். கூட்டுல இருக்கிறது கழுத்த நீட்டி எழுந்து நின்னாலே நாம கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம், உடனே பின்னாடி வந்துடுங்க. டிரோன், பிளாஷ் வேண்டவே வேண்டாம். தீபாவளிக்கே வெடி போடாம, கூட்டுல இருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்த ஊர் அது, அங்க போய் கை தட்டிப் பறக்க விட்டு படம் எடுக்கிறவங்களப் பாத்தா எனக்கு ஆத்திரம்தான் வருது.

பிப்ரவரி, மார்ச் பக்கம் போங்க. பெரிசுங்க அலகைத் தட்டுமே தவிர பெருசா கத்தாது, குஞ்சுங்கதான் ஊரையே கூப்பிடும், அந்தச் சத்தத்த வச்சே இரை வருதுன்னு தெரிஞ்சு கேமராவ தூக்கிடலாம். மழை பொய்த்த வருஷம் கூடு குறைஞ்சிடும், குளத்துல தண்ணி இருக்கான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க.