பூக்காத சொர்க்கப் பறவை

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு வருடம் முன்பு மார்த்தாண்டத்தில் ஒரு நர்சரியில் சொர்க்கப் பறவைப் பூச்செடி வாங்கினேன். இலை தளதளவென்று வருகிறது, பூ மட்டும் இல்லை. முதலில் சட்டியில் வைத்தேன். பிறகு பெரிய சட்டிக்கு மாற்றினேன். போன வருடம் வாழை நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் நட்டு, மூட்டில் நன்றாக மண் அணைத்தேன். பக்கத்து வீட்டில் சிவப்பாகச் சரம்போலத் தொங்கும் பூவையும் இதே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எது அசல்? ஜனவரியில் பிள்ளைகளோடு தாவரவியல் பூங்கா எங்காவது போகலாம் என்றும் இருக்கிறோம். எங்கே போகலாம்?

வாசகி, திருவட்டார்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் செடிக்கு நோய் ஒன்றும் இல்லை. அதை வாழையாக நினைத்து வளர்க்கிறீர்கள், அவ்வளவுதான். நம்மூரில் அந்த இலையைப் பார்த்தால் யாருக்கும் வாழை நினைப்புதான் வரும். தூரத்துச் சொந்தமும்கூட. ஆனால் வாழைக்கு மண் அணைத்தால் நல்லது, இதற்கு ஆகாது. அடிப்பகுதி மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்தால் பூப்பது தள்ளிப்போகும். வேரைக் கலைத்தாலும் அப்படியே. சட்டிக்குள் வேர் நெருக்கியடித்து நிற்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கும். விதைக்கன்று என்றால் முதல் பூவுக்கே நாலைந்து வருடம் ஆகும். நீங்களோ அதற்குள் இரண்டு முறை இடம் மாற்றிவிட்டீர்கள்.

இன்னொரு முறை பிடுங்க வேண்டாம். அணைத்த மண்ணைக் கையால் மெல்ல விலக்குங்கள். அரை நாளாவது நேர் வெயில் விழ வேண்டும், ரப்பர் நிழலில் இலைதான் வரும். நமக்கு இரண்டு பருவமழை என்பதால் மூட்டில் தண்ணீர் கட்டாமல் பார்க்க வேண்டும், கட்டினால் வேர் அழுகிவிடும். உரத்துக்குக் காய்ந்த சாணிப்பொடி போதும்.

நாகர்கோவிலில் என் வீட்டு மதிலோரம் நிற்கும் மூடு, வைத்து ஆறாவது வருடம் மார்கழியில்தான் பூத்தது. காம்பின் நுனியில் படுக்கைவாட்டில் ஒரு பச்சை அலகு, ஓரத்தில் மட்டும் செவ்வரி. அதைக் கிழித்துக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் கொண்டை எழும்பியது. நடுவில் அம்புபோல ஒரு நீல நாக்கு. அந்த நீலத்தை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், நடுவில் பிளந்து வெள்ளை மகரந்தம் விரலில் ஒட்டும். இதன் சொந்த ஊரான தென்னாப்பிரிக்காவில் நம் தூக்கணாங்குருவி வகைப் பறவை ஒன்று தேன் குடிக்க வந்து அந்த அம்பின்மேல் காலூன்றும். மகரந்தம் காலில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். என் வீட்டுத் தேன்சிட்டு பக்கவாட்டில் தொற்றிக் குடித்துவிட்டுப் போய்விடுகிறது. இதுவரை ஒரு விதைகூடப் பிடித்ததில்லை.

அந்த நீல நாக்குதான் அசலுக்கு அடையாளம். பக்கத்து வீட்டில் தொங்குவது ஹெலிகோனியா, குடும்பமே வேறு. நம் மழைக்கும் புழுக்கத்துக்கும் அது இதைவிட நன்றாகவே வரும், அதையும் ஒரு மூடு வையுங்கள். இதற்கு உண்மையான சொந்தம் விசிறி வாழை. மடகாஸ்கர் மரம், இதே குடும்பம்.

பூங்காவுக்கு வருகிறேன். பக்கத்தில் என்றால் திருவனந்தபுரம் தாண்டி பாலோடு. 1979ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா அங்கே இருக்கிறது. மூங்கில், பனை, ஆர்க்கிட் என்று இனம் இனமாக வைத்திருக்கிறார்கள். சொர்க்கப் பறவையையே பார்க்க வேண்டுமென்றால் மலையேறுங்கள். உதகை, கொடைக்கானல் குளிரில் அது வீட்டு முற்றங்களில்கூடப் பூத்து நிற்கும். பிள்ளைகளைப் பூவோடு படம் பிடித்தபின், குனிந்து அடிமூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு மேலாக நிற்கிறது என்று தெரியும். பெயர்ப்பலகையையும் வாசிக்க விடுங்கள். அதிலிருக்கும் ஸ்ட்ரெலிட்சியா என்ற தாவரவியல் பெயர் இங்கிலாந்து ராணி சார்லட்டின் பிறந்த வீட்டுப் பெயரிலிருந்து வந்தது. லண்டன் கியூ தோட்டத்துக்கு 1773லேயே இந்தச் செடி போய்விட்டது.

ஒரு தோட்டம் எதற்கு இருக்கிறது என்று கேட்டால் எனக்கு கேப்டவுனில் உள்ள கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காதான் நினைவுக்கு வரும். ஆரஞ்சுக்குப் பதில் மஞ்சளாகப் பூப்பது இந்தச் செடியில் அபூர்வம். அங்கே ஜான் வின்டர் என்பவர் அப்படிப்பட்ட சில செடிகளை எடுத்து, கையாலேயே மகரந்தம் சேர்த்து, முளைத்த கன்று பூக்கும்வரை காத்திருந்து, மறுபடி சேர்த்து, போதுமான கன்றுகள் தேற ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. விதையை அணில் தின்றுவிடும் என்று கம்பிவலை கட்டிக் காத்தார்களாம். 1996ல் அந்த மஞ்சள் வகைக்கு மண்டேலாவின் பெயரைச் சூட்டினார்கள். அவ்வளவு காலம் காத்திருந்த வின்டரை நினைத்தால் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

அப்புறம், பக்கத்து வீட்டில் கன்று கேட்டால் இப்போது பிரிக்காதீர்கள். பிரித்த மூடு மறுபடி பூக்க ஒன்றிரண்டு வருடம் எடுக்கும். முதல் பூ வந்தபின் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.