பெட்டியே ஆன்டெனா என்றால் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: கோவைக்குப் பக்கத்தில் பம்புசெட் ரிமோட் ஸ்டார்ட்டர் செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவைக் குரங்கு ஒடித்துவிடுகிறது, மாட்டுக் கயிறு சுற்றி இழுத்துவிடுகிறது. அதனால் அலுமினிய டைகாஸ்ட் பெட்டிக்கும் அதன் மூடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையே ஆன்டெனாவாக்கினோம். குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் பேசும் லோரா ரேடியோ, 865–867 மெகாஹெர்ட்ஸ். காப்புரிமைக்கு விண்ணப்பித்தோம். இரண்டு மாதத்துக்கு முன்பு முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. உலோகச் சட்டத்தையே ஆன்டெனாவாக்கிய ஒரு கைபேசி ஆவணத்தையும், உலோக உறையில் பிளவு ஆன்டெனா வைத்த ஒரு மடிக்கணினி ஆவணத்தையும் காட்டி, ‘இரண்டையும் சேர்த்தால் உங்களுடையது வந்துவிடும், இது தெரிந்த பொருள்களின் வெறும் அடுக்கு’ என்கிறார்கள். இதோடு முடிந்ததா? போன மாதம் மழைநீர் தெளித்துச் செய்த சோதனையின் முடிவுகளைப் பதிலில் சேர்க்கலாமா?

பதில்: முடியவில்லை. ஆனால் முதல் கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் முதல் வாசகத்தை, இப்போது இருக்கும் வடிவத்தில் காப்பாற்ற முடியாது. அதை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறீர்களோ அவ்வளவுக்கு மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம்.

நாள்கணக்கை முதலில் பாருங்கள். அறிக்கைக்குப் பதில் தர ஆறு மாதம். அது அலுவலகம் அறிக்கை அனுப்பிய தேதியிலிருந்து ஓடுகிறது, உங்கள் ஏஜென்ட் உங்களுக்குச் சொன்ன நாளிலிருந்து இல்லை. படிவம் 4 கொடுத்துக் கட்டணம் கட்டினால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். பதிலே போடாமல் விட்டால், காப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாகக் கொள்வார்கள்.

இப்போது பரிசோதகரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம். உங்கள் முதல் கிளெய்ம், நீங்கள் அனுப்பியபடி, ‘உலோக உறை, அதில் ஏற்ற நீளமுள்ள ஒரு பிளவு, அந்தப் பிளவுக்கு ரேடியோவிலிருந்து இணைப்பு’ என்று சொல்கிறது. உலோகத்தில் வெட்டிய பிளவு ஒரு கம்பியைப் போலவே அலைவீசும் என்பதை இயற்பியலாளர் ஹென்றி புக்கர் 1946இலேயே கணக்கோடு காட்டிவிட்டார். ஆன்டெனாவை உள்ளே ஒளித்த நோக்கியா 3210 வந்தது 1999இல். 2010இல் வந்த ஐபோன் 4இன் எஃகு விளிம்பே ஆன்டெனா. காப்புரிமை வகைப்பாட்டில் ஆன்டெனாக்களுக்கான ‘எச்01க்யூ’ வகுப்பைத் திறந்தால், கைபேசிக்குள் பதித்த ஆன்டெனாவுக்கு ஒரு தனி இடம், வேறு வேலைக்கான கருவியே ஆன்டெனாவாகவும் பயன்படுவதற்கு 1/44 என்று ஓர் இடம், பிளவு ஆன்டெனாவுக்கு 13/10 என்று ஓர் இடம் இருக்கின்றன. ஒரு யோசனைக்குத் தனி எண்ணே கொடுத்திருக்கிறார்கள் என்றால் அந்தத் தெருவில் ஏற்கெனவே நிறைய வீடுகள் உண்டு. ‘பெட்டியே ஆன்டெனா’ என்ற அளவில் உரிமை கேட்டால் எந்த நாட்டுப் பரிசோதகரும் தர மாட்டார்.

உங்கள் விவரக்குறிப்பின் (கண்டுபிடிப்பை விவரித்து விண்ணப்பத்தோடு கொடுத்த ஆவணத்தின்) வரைபடங்களில் நான் பார்த்தது இதைவிட நல்ல சரக்கு. உங்கள் ஏஜென்ட் அதைக் கிளெய்மில் ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

மூடியைப் பெட்டியோடு பிடித்திருக்கும் திருகுகளைப் பாருங்கள். ஒவ்வொரு திருகும் மூடியையும் பெட்டியையும் மின்னளவில் ஒன்றாகக் கட்டிப்போடுகிறது. ஆகவே பக்கத்துப் பக்கத்துத் திருகுகள் இரண்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி, இரு முனையும் மூடிய பிளவாகிவிடுகிறது. அந்தப் பிளவு அரை அலைநீளத்தில் நன்றாகப் பாடும். 866 மெகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் சுமார் 346 மில்லிமீட்டர், பாதி 173. உங்கள் பெட்டியில் அவ்வளவு இடம் இல்லை. ஆனால் இடைவெளியில் நீங்கள் வைத்த சிலிக்கோன் கேஸ்கெட் (நீர்க்காப்பு வளையம்) அலையைச் சுருக்குகிறது. கேஸ்கெட்டும் சுற்றியுள்ள காற்றும் சேர்ந்து மின்காப்பு மாறிலி (பொருள் அலையை எவ்வளவு சுருக்கும் என்பதைச் சொல்லும் எண்) 2 என்று கொண்டால், 173ஐ 2இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 122 வருகிறது. உங்கள் படத்தில் இரு திருகுகளுக்கு நடுவில் இருப்பது 124. ஆக, திருகின் இடம் ஆன்டெனாவின் நீளத்தை நிர்ணயிக்கிறது, கேஸ்கெட் அந்த நீளத்தைச் சுருக்குகிறது. அதே திருகு கேஸ்கெட்டை இறுக்கித் தண்ணீரை நிறுத்துகிறது. மூடியின் உள்விளிம்பில் இருக்கும் அந்தச் சிறு படி, எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி ஓர் அளவுக்குக் கீழே போகாமல் தடுக்கிறது. கேஸ்கெட்டின் வெளி உதடு, பிளவின் உலோக விளிம்புகளை இணைத்துத் தண்ணீர்ப் படலம் நிற்காதபடி மழையைத் தள்ளி விழவைக்கிறது.

இந்தப் பின்னல்தான் உங்களுடைய கண்டுபிடிப்பு. கிளெய்ம் இதைச் சொல்ல வேண்டும்.

‘வெறும் அடுக்கு’ என்ற 3(எஃப்) பிரிவு ஆட்சேபத்துக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. அந்தப் பிரிவு தடுப்பது, தெரிந்த கருவிகள் ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்க, அவற்றை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை. பாத்திரம் கடையும் இயந்திரத்தைப் பற்றிய பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் சொன்னது இன்றும் அளவுகோல்: பழைய உறுப்புகளேயானாலும் ஒன்றோடொன்று இணைந்து வேலைசெய்து புதிய அல்லது மேம்பட்ட விளைவைத் தந்தால் அந்தக் கூட்டுக்கு உரிமை உண்டு, பட்டறையில் எவரும் செய்யும் சிறு மேம்பாட்டுக்கு இல்லை. அந்த வழக்கில் காப்புரிமைக்காரர் தோற்றார் என்பதையும் மறக்காதீர்கள். சேர்க்கையால் என்ன கூடுதலாக விளைந்தது என்று காட்ட முடியாதவருக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. உங்கள் திருகும் கேஸ்கெட்டும் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில், ஒன்றையொன்று கட்டுப்படுத்தியபடி செய்கின்றன. பதிலில் இதை உங்கள் விவரக்குறிப்பின் பத்தி எண்ணோடு சுட்டுங்கள்.

அடுத்தது கடினமான பகுதி, கண்டுபிடிப்பில் புதுத்திறன் இருக்கிறதா என்று பார்க்கும் 2(1)(ஜேஏ) பிரிவு. ‘துறையறிந்தவருக்கு இது தானாகத் தோன்றியிருக்குமா’ என்பது கேள்வி. சின்ன விண்ணப்பதாரர்கள் பலர் இங்கே ‘வெளி ஆன்டெனா இல்லாததால் செலவு குறைகிறது’ என்று இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். சட்டத்தில் பொருளாதார முக்கியத்துவம் என்ற சொல் இருப்பது உண்மை. தொழில்நுட்ப முன்னேற்றம் அல்லது பொருளாதார முக்கியத்துவம், இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ஆனால் எது இருந்தாலும், துறையறிந்தவருக்குத் தானாகத் தோன்றியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே நிற்கிறது. செலவுக் கணக்கு மட்டும் உங்களைக் கரையேற்றாது.

பரிசோதகர் காட்டிய இரண்டு ஆவணங்களையும் வரிவரியாகப் படியுங்கள். முதலில் தேதி: இரண்டும் உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு (முதன்முதலில் விண்ணப்பித்த தேதிக்கு) முன்பே வெளியாகியிருக்க வேண்டும். பிறகு, கைபேசி ஆவணத்தில் இருக்கும் இடைவெளி என்ன இடைவெளி? நீங்கள் அனுப்பிய சுருக்கத்தின்படி, அது உலோகச் சட்டத்தை வெட்டி, பிளாஸ்டிக்கை வார்த்து நிரந்தரமாக நிரப்பியது. திறந்து மூடும் இடைவெளி இல்லை, இறுக்கம் மாறுவதும் இல்லை. மடிக்கணினி ஆவணத்தில் பிளவு உறையின் தகட்டில் வெட்டப்பட்டிருக்கிறது. திருகுகள் பிளவின் முனைகளாக இல்லை. இரண்டிலும் நீர்க்காப்பு பேசப்படவில்லை. இரண்டையும் சேர்த்தாலும் திருகு-கேஸ்கெட்-படி என்ற அமைப்பு வராது. இதுதான் உங்கள் பதிலின் நடுமுள்.

ஆனால் எதிர்த்தரப்பு எங்கே அடிக்கும் என்பதையும் நீங்களே யோசித்து வைக்க வேண்டும். இரண்டு இடங்கள் எனக்குத் தெரிகின்றன.

ஒன்று, மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுக்கும் பொறியாளர்களின் பாடம். உலோகப் பெட்டியின் மூட்டில் திருகுகள் தள்ளித் தள்ளி இருந்தால் அந்த இடைவெளி ஆன்டெனாவாகி இரைச்சலைக் கசியவிடும். ஆகவே திருகுகளை நெருக்கி வையுங்கள் என்று அவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். இதை வைத்து ‘எல்லாரும் தவிர்க்கச் சொன்னதை நாங்கள் வேண்டுமென்றே செய்தோம்’ என்று வாதிடலாம், அதில் வலு உண்டு. ஆனால் அதே பாடம் ‘இடைவெளி அலைவீசும் என்பது எல்லாருக்கும் தெரியும்’ என்றும் சாட்சி சொல்லும். எனவே இந்த வாதத்தைத் துணைக்கு வையுங்கள், இதன் மேல் மட்டும் நிற்காதீர்கள்.

இரண்டு, ஐபோன் 4. கையால் பிடித்தபோது விரல் விளிம்பின் இடைவெளியை இணைத்து சிக்னல் இறங்கியது, 2010 ஜூலையில் ஆப்பிள் இலவச உறை கொடுத்தது, இதெல்லாம் உலகறிந்த செய்தி. ‘இடைவெளியின் மேல் அந்நியப் பொருள் படிந்தால் ஆன்டெனா சுருதி மாறும், மின்காப்பால் மூடுவதே தீர்வு என்பது பழையது’ என்று விசாரணையில் ஒரு கேள்வி வரலாம். உங்கள் பதில்: அந்த உறை வெளியிலிருந்து போர்த்தியது. உங்கள் கேஸ்கெட் பிளவுக்குள்ளேயே இருந்து, அதற்குத் தேவையான நீளத்தைச் சுருக்கி, தண்ணீரையும் தள்ளுகிறது. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80 அளவில் இருப்பதால் மெல்லிய படலம்கூட அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். உங்கள் அலைவரிசையின் மொத்த அகலமே 2 மெகாஹெர்ட்ஸ். மழையில் 20 மெகாஹெர்ட்ஸ் இறங்கினால் தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்து நிறுத்த முடியாது. இந்தச் சிக்கலைக் கைபேசிக்காரர் எதிர்கொள்ளவே இல்லை.

இப்போது சோதனை முடிவுகள். விவரக்குறிப்பின் உள்ளே அவற்றைச் சேர்க்க முடியாது. 59ஆம் பிரிவு திருத்தத்துக்கு விடும் வாசல் குறுகியது: குறைத்தல், பிழை நீக்கல், விளக்கம், அவ்வளவுதான். முதலில் எழுதாத பொருளைப் புகுத்தக் கூடாது, திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும். ஆனால் நீங்கள் முதல் நாளே ‘வெளி உதடு மழைநீரைத் தள்ளுவதால் அதிர்வெண் நிலைக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காக நான் மகிழ்ந்தேன். எழுதிவைத்த விளைவு உண்மையில் நடக்கிறது என்று காட்ட, சோதனையை உறுதிமொழிப் பத்திரமாகத் தனியே தாக்கல் செய்யலாம். உதடு உள்ள கேஸ்கெட், உதடு இல்லாத கேஸ்கெட் இரண்டையும் ஒரே பெட்டியில், உலர்ந்தும் நனைந்தும், ஆன்டெனாவின் அதிர்வெண்ணை அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் அளந்து வரைபடத்தோடு கொடுங்கள். பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்யலாம். போன மாதச் சோதனையில் உதடு இல்லாததை அளக்கவில்லை என்றால் திரும்பச் செய்யுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத அளவீடு பரிசோதகருக்குப் பயன்படாது.

கிளெய்ம் எழுதும்போது ‘124 மில்லிமீட்டர்’ என்று போடாதீர்கள். போட்டியாளர் 130 வைத்துவிட்டுப் போவார். ‘ஏற்ற நீளம்’ என்றும் போடாதீர்கள். தெளிவில்லை என்ற ஆட்சேபம் 10(5)இன் கீழ் ஏற்கெனவே வந்திருக்கிறது. உறவாகச் சொல்லுங்கள்: அடுத்தடுத்த இரு திருகுகள் பிளவின் மூடிய முனைகளாகவும், அவற்றின் தூரம் கேஸ்கெட்டால் சுருங்கிய அலைநீளத்தின் ஏறக்குறையப் பாதியாகவும், படி இடைவெளியின் குறைந்தபட்ச அகலத்தை நிர்ணயிப்பதாகவும். மில்லிமீட்டர் அளவுகள், முதல் கிளெய்மைச் சார்ந்து அதைக் குறுக்கும் சார்புக் கிளெய்ம்களில் இருக்கட்டும். உதட்டை முதல் கிளெய்மிலேயே வைப்பதா, இரண்டாவதில் வைப்பதா என்று உங்கள் ஏஜென்ட் தயங்குவார். என் கணிப்பில் முதலிலேயே வையுங்கள். ஐபோன் கேள்விக்கு அதுதான் விடை.

பதிலில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘எங்கள் பிளவு மூடியில் மட்டுமே வேலை செய்யும்’ என்று அவசரத்தில் எழுதினால் அது அலுவலகத்தின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும் பதிவாகிறது. நாளை நீங்கள் ஒருவர் மேல் வழக்குப் போடும்போது அவருடைய வழக்கறிஞர் அதையே எடுத்து நீட்டுவார்.

பதில் போன பிறகும், முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலருக்கு நிறைவு வரவில்லை என்றால் விசாரணைக்கு அழைப்பார்கள், பெரும்பாலும் காணொலியில். நீங்களும் உட்காருங்கள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு திருகைக் கழற்றிக் காட்டுங்கள். விசாரணை முடிந்த 15 நாளுக்குள் எழுத்துவாதம் தர வேண்டும். காரணம் சொல்லாமல் நிராகரித்தால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு, உங்களுக்குச் சென்னை. முன்ஆவணத்தில் இருப்பது என்ன, விண்ணப்பத்தில் இருக்கும் கண்டுபிடிப்பு என்ன, அது துறையறிந்தவருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்ற மூன்றையும் உத்தரவு விளக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் அக்ரிபோர்டு வழக்கில் சொன்னதை அப்போது நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. விண்ணப்பித்த பிறகு இரட்டை உதடு கேஸ்கெட் ஒன்று செய்து பார்த்ததாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதை இந்த விண்ணப்பத்துக்குள் நுழைக்கப் பார்க்காதீர்கள். 54ஆம் பிரிவின் கீழ்க் கூடுதல் காப்புரிமையாகத் தனியே தாக்கல் செய்யுங்கள். உங்கள் முதன்மைக் கண்டுபிடிப்பையே காட்டி ‘இது வெளிப்படை’ என்று அதை மறுக்க முடியாது, தனிப் புதுப்பிப்புக் கட்டணமும் கிடையாது. முதன்மைக் காப்புரிமை இருக்கும்வரை அதுவும் இருக்கும். அதுவரை அந்தக் கேஸ்கெட்டை எந்த விவசாயக் கண்காட்சிக்கும் எடுத்துப் போக வேண்டாம்.