எகிப்தின் தொடக்ககாலக் கல் பாத்திரங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சக்கரா என்ற இடத்துப் படிக்கட்டுப் பிரமிடுக்கு அடியில் ஆயிரக்கணக்கில் கல் பாத்திரங்கள் கிடைத்தனவாமே?

பதில்: ஆமாம், ஏறக்குறைய 40,000. பிரமிடு ஜோசர் மன்னருடையது, சுமார் கி.மு. 2650. ஆனால் பாத்திரங்களில் பல அவருக்கும் முந்தையவை. முதல் இரண்டு வம்சத்து மன்னர்களின் பெயர்கள் அவற்றில் பொறித்திருக்கின்றன. முதல் வம்சத்துக் கலங்கள் சிலவற்றில் அஜிப் மன்னரின் பெயரைச் சுரண்டியிருக்கிறார்கள். அடுத்து ஆண்ட செமர்கெத் காலத்து வேலை அது. பெயர்தான் போனது, பாத்திரத்தை யாரும் தூக்கி எறியவில்லை.

கேள்வி: வாய் குறுகல், வயிறு அகலம். உள்ளே எப்படித்தான் குடைந்தார்கள் சார்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதலில் வெளி உருவத்தைச் செதுக்கித் தேய்த்து முடிப்பார்கள். அப்புறம்தான் குடைவது. செம்புக் குழாயை வாயில் நிறுத்தி மணல் போட்டுச் சுழற்றினால் வட்டமாகப் பள்ளம் விழும், நடுவில் ஒரு கல் தண்டு நிற்கும். அதை ஒடித்து எடுத்துவிடுவார்கள். அடுத்து, இடுப்பு ஒடுங்கிய நீளக் கல் ஒன்றைச் செங்குத்தாக உள்ளே இறக்கி, அடியில் படுக்க வைத்து, கவட்டைக் கோலால் பிடித்துத் திருப்புவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நீளமான கல்லாக மாற்றிக்கொண்டே போனால் வயிறு அகலும். உடைந்த கலத்தின் உட்புறத்தைப் பாருங்கள், வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். வெளியே கண்ணாடி மாதிரி வழவழப்பு, உள்ளே அந்தக் கையின் தடம். நான் எப்போதும் உட்புறத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: செம்பு மென்மையான உலோகம். டயோரைட் போன்ற கடினமான கல்லை எப்படி அறுக்கும்?

பதில்: அறுத்தது மணல். அதிலுள்ள குவார்ட்ஸ் துகள்களைச் செம்பு அழுத்திச் சுழற்றியது, அவ்வளவுதான். குழாயும் கூடவே தேயும்.

கேள்வி: இது மனிதரால் முடியாத வேலை என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்வது அந்தத் தொழிலாளிகளுக்குச் செய்கிற அநியாயம். சக்கராவில் மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் அவர்கள் வேலை செய்வதே செதுக்கப்பட்டிருக்கிறது. கோலின் மேல்பகுதியில் பாரத்துக்குக் கற்களைக் கட்டிய துளைகருவி அது. அதன் உருவமே எகிப்திய எழுத்தில் ‘கைத்தொழில்’ என்பதற்கான குறியாகிவிட்டது. ஒரு சமூகம் எத்தனையோ தொழில்களில் இதைப் போய்த் தேர்ந்தெடுத்திருக்கிறது!

கேள்வி: மண்ணில் இதைப்போல் செய்தார்களா?

பதில்: செய்தார்கள். ஜோசருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மன்னர் வம்சங்களுக்கு முந்தைய நகாடா காலத்தில், வெளிர்நிறப் பானையில் செங்காவியால் புள்ளியும் சுழியும் தீட்டிக் கல் போலக் காட்டினார்கள்.